தொட்டால்தான் கேள்வி வரும்



அறிவியல் ஆர்வத்தை வளர்ப்பது வகுப்பறையா, அறிவியல் மையமா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னாலே பேசிய சகோதரி ஒரு கேள்வி போட்டாங்க. "பொத்தானை அமுக்கினா விளக்கு எரியுது, பிடியைச் சுத்தினா சக்கரம் ஓடுது. இதுக்குப் பேரு விளையாட்டு. இதனால மார்க் வருமா?" வராது அம்மா. சத்தியமா வராது. (சிரிப்பு) மார்க் வேணும்னா தியாகராய நகர்லே தெருவுக்குத் தெரு டியூஷன் இருக்கு. நாம பேச வந்தது ஆர்வத்தைப் பத்தி.

வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். நந்தனத்திலிருந்து அடையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கோட்டூர்புரம். அங்கே பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம். அதே வளாகத்தில் 1988-இல் திறந்த பிர்லா கோளரங்கம். கொஞ்ச தூரத்திலேயே 2010-இல் வந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். ஒரு இடத்தில் படிக்கலாம், ஒரு இடத்தில் தொட்டுப் பார்க்கலாம். புடவை எடுக்கப் பாண்டி பஜாருக்கு வருஷத்துக்கு எத்தனை தடவை போறோம்? கோட்டூர்புரத்துக்கு எத்தனை தடவை போனோம்? கையைத் தூக்க வேண்டாம், மனசுக்குள்ளே சொல்லிக்குங்க. (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். அதனாலே ஒரு சொல்லைப் பார்க்கிறேன். பொதுவா பொருட்காட்சி சாலையின் வாசலிலேயே போர்டு: "தொடாதீர்கள்." அறிவியல் மையம் ஒன்றுதான் "தொடு" என்கிறது. பழந்தமிழில் தொடுதல் என்றால் தோண்டுதல் என்றும் பொருள். கிணறு தொட்டான் என்றால் கிணறு வெட்டினான். தொட்டால்தானே ஊறும்!

ஒரு மையத்தில் நான் கண்டது. பெரிய கிண்ணம் மாதிரி இரண்டு தட்டு, இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இங்கே மகன், பத்தாவது படிக்கிற பையன். அங்கே அப்பா. வீட்டிலே ஒரே சோபாவில் உட்கார்ந்து பேசிக்காத இரண்டு பேர்! (சிரிப்பு) பையன் தட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தான்: "அப்பா, கேக்குதா?" அங்கிருந்து அப்பா, "கேக்குதுடா!" என்றார். அடுத்து என்ன செய்தார் தெரியுமா? தட்டுக்குப் பின்னாலே போய் வயர் எங்கே இருக்குன்னு தேடினார். வயர் இல்லை. ஒரு அடி தள்ளி நின்றார், கேட்கவில்லை. திரும்பப் பழைய இடத்துக்கு வந்தார், கேட்டது. "அப்ப இந்த இடத்திலதான் ஏதோ இருக்கு" என்றார். அந்த இடத்துக்குத்தான் குவியம் என்று பேர். இந்தத் தட்டின் குவியத்தில் பேசின ஒலி தட்டில் பட்டு, சிதறாமல் நேராகப் போய், எதிர்த் தட்டில் பட்டு அதன் குவியத்தில் சேர்கிறது. பையன் அந்தச் சொல்லைப் புத்தகத்தில் படித்தவன்தான், எழுதி மார்க்கும் வாங்கியிருப்பான். அன்றைக்குத்தான் அது ஒரு இடம் என்று தெரிந்தது.

எதிரணி ஐயா, "இதெல்லாம் படிக்காதவன் செய்த வேலை" என்றார். ஐயா, அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 1969-இல் எக்ஸ்ப்ளோரடோரியம் என்று ஒன்றைத் தொடங்கியவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பி. அவரும் இயற்பியல் விஞ்ஞானிதான். அரசியல் காரணத்தால் 1949-இல் பல்கலைக்கழக வேலை போய், மாட்டுப் பண்ணை வைத்துப் பிழைத்தார். பிறகு ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வகுப்பறையின் உள்ளே நின்று பார்த்த மனுஷன்தான் இப்படியும் ஒரு இடம் வேணும்னு கட்டினார். மியூசியத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்பது அவர் கருத்து. (கைதட்டல்)

எதிரணி சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். வேறொரு ஊர், பேர் வேண்டாம். ஒரு கூடத்தில் பத்துப் பொத்தான் அமுக்கினேன், ஆறு வேலை செய்யவில்லை. "பழுது" என்று எழுதின அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது. அமுக்கினா ஒண்ணும் நடக்கலைன்னா குழந்தை என்ன கத்துக்கும்? அறிவியல்னா இப்படித்தான் போலிருக்குன்னு கத்துக்கும். கட்டடம் திறக்கக் காட்டுகிற சுறுசுறுப்பை ஒரு ஸ்க்ரூ முடுக்கக் காட்ட வேண்டாமா? பக்கத்தில் நின்று, "தம்பி, இப்படித் திருப்பிப் பாரு" என்று சொல்ல ஒரு ஆளும் வேண்டும். ஆனால் அதற்காக மையமே வேண்டாம் என்பீர்களா? கரும்பலகை உடைந்தால் பள்ளிக்கூடத்தையா மூடுவோம்?

நடுவர் மணியைப் பார்க்கிறார். இன்னும் ஒன்றே ஒன்று.

2019 டிசம்பர் 26, சூரிய கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. சென்னையில் பிறை மாதிரி. மயிலாப்பூரில் எங்கள் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலையே சாத்திவிட்டார்கள். பேத்தி ஏழாவது படிக்கிறவள். அறிவியல் மையத்தில் ஊசித்துளைக் காமிரா செய்து பார்த்தவள். ஒன்பதரை மணிக்குச் சமையலறை ஜல்லிக்கரண்டியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். "பாட்டி, நீங்க மேலே பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கு ஆகாது, தரையைப் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கரண்டியைச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். தரையில் அத்தனை ஓட்டைக்கும் ஒரு பிறை, கோலம் போட்ட மாதிரி!

பாட்டி கரண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எழுபத்தைந்து வயதில், பள்ளிக்கூடத்தை அஞ்சாவதோடு விட்டவர்கள், கேட்டார்கள் ஐயா ஒரு கேள்வி: "ஏண்டி, ஓட்டை வட்டமாத்தானே இருக்கு? வெளிச்சம் மட்டும் ஏன் பிறையா விழுது?"

இந்தக் கேள்வியை எந்தப் பரீட்சையில் கேட்டார்கள் என்று எதிரணி சொல்லட்டும். நான் உட்காருகிறேன். (கைதட்டல்)