ஒரு நாள் கிண்ணம் போதாது



பெண்கள் காற்பந்து ஆடக்கூடாது என்று ஜெர்மனியின் காற்பந்துச் சங்கமே 1955-இல் தடை போட்டது. 1970-இல்தான் அது நீங்கியது. 1990-இல் பெண்களுக்கு முதல்நிலை லீக் தொடங்கியது. 2025-26 பருவத்தில் 14 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் 26 ஆட்டங்கள்.

நம் பெண்களால் முடியுமா? மதுரையின் சேது எஃப்சி 2019-இல் மணிப்பூர் போலீஸ் குழுவை 3-1 என வீழ்த்தி இந்திய மகளிர் லீக் கிண்ணத்தை வென்றது. ஆனால், அவ்வாண்டு இறுதிக்கட்டப் போட்டிகள் யாவும் லூதியானாவில் ஒரே மாதத்திற்குள் முடிந்துவிட்டன. சொந்தத் திடலிலும் எதிரணித் திடலிலும் ஆடும் முறை 2023-24-இல்தான் வந்தது.

ஒரு நாள் போட்டி முடிந்தால் காலணி மூலைக்குப் போய்விடும். அடுத்த வாரமும் ஆட்டம் உண்டு என்றால்தான் பயிற்சி தொடரும்.

நம் மலாக்காவுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளித் திடலில் பையன்களோடு ஓடிய பிள்ளை வயதுக்கு வந்ததும், "போதும்மா, வீட்டுக்கு வா" என்கிறோம். அவள் ஆட நினைத்தாலும் ஆட்டம் எங்கே இருக்கிறது?

ஆண்களுக்குக் கிண்ணப் போட்டி நடத்தும் இளைஞர் மன்றத்தினரே! ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலிருந்து நான்கு பெண்கள் குழு சேருங்கள். ஒன்றையொன்று இருமுறை சந்தித்தால் ஆளுக்கு 6 ஆட்டம். ஆறே ஞாயிற்றுக்கிழமைகள்!

தாய்மார்களே, மகளை அனுப்பப் பயமாக இருக்கிறதா? நீங்களும் கூடவே வாருங்கள். திடலோரம் நாலு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தால், அந்தப் பிள்ளை தயங்காமல் ஆடுவாள்.