மனையும் வானமும்
(சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் மாணாக்கர் தங்குதற்கு மூன்றடுக்கு விடுதி எழுப்ப நிதி சேர்ந்துவிட்டது. வைகாசியில் கால்கோள் என்று நாளும் குறித்தாயிற்று. தமிழாசிரியனுக்குக் கொத்து வேலையில் என்ன பேச்சு என்று சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். கரிசலிற் பிறந்து, கரிசலில் வீடு கட்டி, அதன் சுவர் பிளக்கக் கண்டவன் யான்.

கடைக்காலுக்கு அகழும் குழியை நம் கொத்தனார்கள் வானம் என்பர். மேலுள்ளதன் பெயர் கீழுள்ளதற்கு வந்தது வியப்பே. அவ்வானத்துக்கு நாலடி ஆழம் போதும் என்று சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் கூறினார். மண்ணைக் கேளாமல் அடிக்கணக்குச் சொல்லலாகாது.

முன்னோர் கேட்டனர். வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை இரு சோதனைகள் கூறும். ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட்டால், மிஞ்சின் நன்று, ஒத்திருப்பின் நடுத்தரம், குறையின் தீது. அன்றிக் குழியில் நீர் நிரப்பி நூறடி சென்று மீள்கையில் நீர் குறையாதிருப்பின் நன்று. இவை மூட வழக்கமல்ல. இறுகிய மண்ணை வெட்டினால் பருத்து மிஞ்சும். தளர்ந்த மண் இட்டவிடத்து அமுங்கிக் குறையும். ஆயின் நம் கரிசலோ இவ்விரண்டிலும் எளிதாகத் தேறிவிடும்! கட்டி கட்டியாகப் பெயர்வதால் மண் மிஞ்சும். ஈரக் களியோ நீரை விடாது. தேறிய பின்னரே வஞ்சிக்கும்.

கோடையில் கை நுழையப் பிளக்கும் கரிசல், ஐப்பசி மழையைப் பருகி உப்பும். உப்புங்கால் சுவரைத் தூக்கும், சுருங்குங்கால் கைவிடும். என் வீட்டுக்கு மூன்றடி வானமே இட்டேன். மூன்றாம் ஆண்டில் சன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு வெடிப்பு ஓடிற்று. பூசி மறைத்தேன், மறு கோடையில் அவ்வழியே மீண்டும் வந்தது. மழைக்காலத்தில் அறைக்கதவு இன்றும் சாத்த வாராது.

ஆழ்ந்த கரிசலில் இவ்வீர மாறுதல் ஏறக்குறைய 3.5 மீட்டர் வரை எட்டும். அதன் கீழ் மண் ஆண்டு முழுதும் ஒரு நிலையில் நிற்கும். ஆகவே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறையில், அவ்வாழத்துக்குத் துளையிட்டு, அடியில் குமிழ்போல் இரண்டரை மடங்கு அகற்றி, கம்பியும் கான்கிரீட்டும் இடுவர். அத்தூண்களை இணைக்கும் உத்திரத்தின் கீழ் மண் உப்புதற்கு வெற்றிடமும் விடுவர்.

எம்முறையாயினும் முதலில் மண்ணைச் சோதித்தல் வேண்டும். துளையினுள் குழலை நிறுத்தி, 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச் செய்து 45 செ.மீ. இறக்குவர், கடைசி 30 செ.மீ.க்கு எத்தனை அடி வேண்டிற்று என்பதே மண்ணின் உரத்துக்குக் கணக்கு.

இன்னொன்று. நம் மனையின் ஈசானிய மூலையில் பழங்கிணறு ஒன்று தூர்க்கப்பட்டதை மூத்தோர் அறிவர். கட்டடத்தின் ஒரு புறம் தூர்த்த மண்ணிலும் மறுபுறம் கெட்டி மண்ணிலும் நின்றால், தாழ்வது ஒருபுறமே. இத்தாலியின் பைசா கோபுரம் 1173இல் தொடங்கி மூன்றாம் அடுக்கு எழும்போதே சாய்ந்தமை இளகிய மண் சமமாகத் தாங்காமையால்தான்.

ஆதலின் கால்கோளைத் தள்ளிவைத்து, மூன்று இடங்களில் துளையிட்டு மண் எடுக்குமாறு தீர்மானம் கொணர்கிறேன். அவற்றுள் ஒன்று அக்கிணற்று மூலையாக இருத்தல் வேண்டும். குறித்த நாள் தவறுவதில் பெரியோர்க்கு வருத்தம் உண்டென்பதை அறிவேன், பொறுத்தருள்க. சோதனைச் செலவுக்கு என் ஒரு மாத ஊதியத்தைப் பொருளாளரிடம் இன்று காலையிலேயே ஒப்புவித்துவிட்டேன்.