கடல் கடந்த தலைப்பிரசவம்

காவிரிப் படுகையின் தென்கோடியில், ஒருபுறம் மானாவாரி நெல்வயல்களும் மறுபுறம் அகஸ்தியம்பள்ளி உப்பளங்களுமாக விரிந்து கிடக்கும் வேதாரண்யம் வட்டாரத்தில், ஒரு பெண்ணின் முதற்பேறு, அதாவது தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்திப் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துச் செல்லும் பெற்றோர், குழந்தைக்குத் தலை நின்று, தாய்க்கு உடம்பு தேறிய பின்னரே இருவரையும் கணவன் வீட்டில் கொண்டுவந்து விடுகின்றனர். இதனை வெறும் சடங்காகவும் செலவாகவும் மட்டும் காண்போர், அதற்குள் அமைந்திருக்கும் வேலைப் பங்கீட்டைக் காணத் தவறுகின்றனர். பச்சைக்குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவது, தாய்க்கு வெந்நீர் ஊற்றுவது, பூண்டும் பால்சுறாவும் சேர்த்துப் பத்தியம் சமைப்பது, இரவில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்ணையில் நடப்பது, பார்க்க வருவோரை வாசலிலேயே நிறுத்தி அனுப்புவது ஆகிய அத்தனையும் அம்மா, அம்மாச்சி, சித்தி, அத்தை என மூன்று நான்கு பெண்கள் கூலியின்றிப் பகிர்ந்துகொண்ட வேலைகள் ஆகும். கணவனும் மனைவியும் மட்டுமாக வெளிநாட்டில் குடியிருந்து, அங்கேயே முதற்குழந்தையை எதிர்நோக்கும்போது, அந்த மூன்று நான்கு பேரின் வேலை முழுவதும் இரண்டு பேர்மேல், அவர்களிலும் ஒருவர் வலியில் கிடக்கும் வேளையில், வந்து விழுகிறது.

இப்பகுதியினர் கடல் கடந்து சென்றது இன்று நேற்று அல்ல. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நீராவிக் கப்பல்களில், 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய ரஜுலா என்னும் கப்பலின் பெயர் கரையோர ஊர்களின் பெரியவர்கள் நினைவில் இன்றும் இருக்கிறது. அக்காலத்தில் வணிகத்துக்கும் கடைச் சிப்பந்தி வேலைக்கும் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மனைவி ஊரில் தங்கினாள், பிள்ளை தாய்வீட்டில் பிறந்தது, தகப்பனுக்குச் செய்தி கடிதத்தில் போய்ச் சேர்ந்தது. கங்காணிகள் வழியே மலாயாத் தோட்டங்களுக்குக் குடும்பமாகச் சென்றவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. லயங்கள் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் பக்கத்து வீட்டுப் பெண்களே ஒருவருக்கொருவர் பேறு பார்த்தனர். 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களில் மிகப் பலரும் தனியாகவே போயினர். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வது இன்றும் பல நாடுகளில் சம்பளத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது. சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் உள்ள தொழிலாளி மனைவியைச் சார்புரிமையில் அழைத்துக்கொள்ள முடியாது. அதற்கான டிபெண்டன்ட் பாஸ் பெறக் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி மாதச் சம்பளம் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹம் சம்பளம் உள்ளவரே குடும்பத்தை வைத்துக்கொள்ளலாம். ஆகவே வெளிநாட்டில் தம்பதியராக வாழ்ந்து பிள்ளை பெறுவது என்பது, புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் கிட்டாத ஒரு வாய்ப்பு என்பதையும் இங்கே மறந்துவிடலாகாது.

கருவுற்றது உறுதியானதும் எழும் முதற்கேள்வி, ஊருக்குத் திரும்புவதா அங்கேயே இருப்பதா என்பதாகும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும் பெண்ணை 36ஆம் வாரம் வரையில்தான் ஏற்றிக்கொள்கின்றன. 28ஆம் வாரத்துக்குப் பின் மருத்துவரின் சான்றுக் கடிதம் கேட்பதும் உண்டு. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுவதால், நீண்ட நேரம் அசையாமல் அமர்ந்து பறப்பது காலின் இரத்தக் குழாய்களில் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்தைச் சற்று உயர்த்துகிறது. எனவே ஊருக்கு வருவதென்றால் ஏழாம் மாதத்துக்குள் வந்துவிடுவதே நல்லது. வந்தவுடன் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பதிந்து, மக்கள் வழக்கில் பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெறவேண்டும். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் தேவைப்படுகிறது. வெளிநாட்டில் செய்த பரிசோதனைக் குறிப்புகள் அனைத்தையும் கையோடு கொண்டுவருவதும் அவ்வளவே முக்கியம். ஏழு மாதக் கதையை வாயால் சொல்லி மருத்துவருக்குப் புரியவைக்க இயலாது.

அங்கேயே இருப்பதென்று முடிவு செய்வோர் வேறொரு மருத்துவ வழக்கத்துக்குப் பழகவேண்டியிருக்கிறது. ஊரில் மாதந்தோறும் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தும், கேட்டபோதெல்லாம் ஸ்கேன் எடுத்தும் பழகிய குடும்பத்துக்கு, பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவையில் சிக்கலற்ற கர்ப்பத்துக்கு வழக்கமாக இரண்டே ஸ்கேன்கள், ஒன்று ஏறத்தாழ 12ஆம் வாரத்திலும் மற்றொன்று 20ஆம் வாரத்தையொட்டியும், என்பது கவனக்குறைவாகத் தோன்றும். பேறுகாலம் முழுவதையும் மிட்வைஃப் எனப்படும், இதற்கென்றே தனிப்படிப்பு முடித்த பேறுகாலச் செவிலியரே கவனிப்பதும், டாக்டர் ஒருமுறைகூடப் பார்க்காமல் போவதும் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் தாயாருக்குத் திகைப்பளிக்கும். அது அலட்சியம் அன்று. ஆபத்துக் குறி தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் அனுப்பும் ஒழுங்கு அது. மாறாக, தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு, அதாவது கருவுற்ற நாட்களில் புதிதாகத் தோன்றும் சர்க்கரை மிகுதி, வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதால், அங்கே இவர்களுக்கு 24 முதல் 28 வாரங்களுக்குள் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் செய்யும் சோதனையைத் தவறாமல் செய்கின்றனர். வெறும் வயிற்றோடு வராத பெண்ணுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பார்க்கும் எளிய முறையை இந்தியாவில் பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. இந்தச் சோதனையை ‘நம் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை’ என்று சொல்லித் தட்டிக்கழிப்பதில் பொருளில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று கூறுவதை இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; பல மேலைநாடுகளில் பெற்றோர் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். அச்செய்தி ஊருக்கு எட்டி, அதன்பின் தொலைபேசிக் குரல்கள் சுருதி இறங்குமானால், அந்தத் துயரம் முழுவதும் அயல்நாட்டில் தனித்திருக்கும் பெண்ணின் மேல்தான் இறங்கும். அத்தகைய நிலையில் அதைக் கேட்காமலும் சொல்லாமலும் இருப்பதே தம்பதியருக்கு நலம்.

தாய் வந்து சேர முடியாத பேறு தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலின் தலபுராணம், அங்கு வாழ்ந்த இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியபோது, காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்ட அவள் தாயை ஆற்றின் பெருவெள்ளம் தடுத்து நிறுத்தியது என்றும், இறைவனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்தான் என்றும் சொல்கிறது. அதனாலேயே அவ்விறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். சுகப்பிரசவம் வேண்டிக் கருவுற்ற பெண்கள் அங்கே வாழைத்தார் சாத்தும் வழக்கமும் அதிலிருந்து வந்தது. வேதாரண்யத்துக்கும் இக்கதைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருமறைக்காடு என்று தேவாரம் போற்றும் இவ்வூரைச் சேர்ந்த கேடிலியப்ப பிள்ளை, விசயரங்க சொக்கநாத நாயக்கரின் ஆட்சிப் பணியேற்றுத் தம் மனைவி கெசவல்லி அம்மையாருடன் திருச்சிக்குக் குடிபெயர்ந்தார். மூத்த மகனைத் தமையனாருக்குத் தத்துக் கொடுத்துவிட்ட அத்தம்பதியர், பெயர்ந்து சென்ற ஊரின் இறைவனை வேண்டிப் பெற்ற மகனுக்கு அவ்விறைவன் பெயரையே இட்டனர். அப்பிள்ளையே தாயுமானவர் என்று தமிழுலகம் அறிந்த ஞானக் கவிஞர். சொந்த ஊரை விட்டுச் சென்று பிள்ளைக்காக ஏங்கிய வேதாரண்யத்துத் தம்பதியர் இன்றைய தலைமுறையினர் மட்டும் அல்லர்.

தலபுராணத்தில் இறைவன் ஏற்ற பணியை இன்று அயல்நாட்டில் ஏற்கவேண்டியவன் கணவன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக உறவுப் பெண் ஒருவரையே அனுமதிப்பது வழக்கமாக இருக்க, பல வெளிநாட்டு மருத்துவமனைகளில் பேற்று அறைக்குள் கணவன் நிற்கிறான். பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒருவர் வலி தொடங்கியது முதல் உடனிருப்பது நன்மை பயக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆனால் உள்ளே நிற்பது எளிது. வீட்டுக்கு வந்த பின் தொடங்கும் நாற்பது நாட்களே கடினம். அதற்குச் சட்டம் தரும் விடுப்போ மிகக் குறைவு. அமீரகத்தில் தனியார் துறைத் தகப்பனுக்கு 5 வேலைநாட்கள், தாய்க்கு 60 நாட்கள். பிரிட்டனில் தகப்பனுக்கு அதிகம் போனால் 2 வாரங்கள். சிங்கப்பூரில் குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால்தான் தகப்பனுக்கு அரசு ஊதியத்துடன் விடுப்பு. ஆகவே வேலை செய்யும் ஆண்கள் ஆண்டு விடுப்பைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் செலவழித்துவிடாமல் இதற்கென்று சேர்த்து வைப்பதும், ரசம் வைக்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் எட்டாம் மாதத்துக்கு முன்பே கற்றுக்கொள்வதும் கடமை எனலாம். ஊரிலிருந்து வருவது ஒருவர் மட்டும் என்றால், பிரசவத் தேதியைச் சுற்றி அவசரமாக வருவதைவிட, கணவனின் விடுப்பு முடியும் நாளில் வந்து சேருமாறு பயணத்தை அமைத்துக்கொள்வது அறிவுடைமை.

அவ்வாறு வருவோரின் பெட்டியில் என்ன இருக்கலாம் என்பதும் கருதத்தக்கது. பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பை உணவில் சேர்ப்பதற்கு அமெரிக்கா 1968ஆம் ஆண்டிலேயே தடை விதித்துவிட்டது. கடைகளில் விற்கும் சில கண்மைகளில் ஈயம் கலந்திருப்பதால் பச்சைக்குழந்தையின் கண்ணுக்கு அவற்றை இடலாகாது. கோடியக்கரைப் பக்கத்து வீடுகளில் பால் சுரக்க வேண்டிச் செய்யும் சுறாப்புட்டைக் குறித்தும் எச்சரிக்கை உண்டு; பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணிகள் சுறாவைத் தவிர்க்கவேண்டும் என்று பிரிட்டனும், பாலூட்டுவோரும் தவிர்க்கவேண்டும் என்று அமெரிக்காவும் அறிவுறுத்துகின்றன. பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் எந்நாட்டிலும் தடையின்றிச் சமைக்கத்தக்கவை. பிறந்தவுடன் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனையை விட்டு, சீம்பாலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பதே சரி. பழையனவற்றுள் எதைக் கைவிட்டாலும் கைவிடலாம்; பெற்றவளுக்கு நாற்பது நாள் ஓய்வு என்னும் ஒன்றை மட்டும் கைவிடலாகாது.

ஆவணங்களைப் பொறுத்தவரை காலக்கெடு கண்டிப்பானது. வெளிநாட்டில் இந்தியக் குடிமக்களுக்குப் பிறந்த குழந்தை இந்தியக் குடியுரிமை பெற, பிறந்த ஓராண்டுக்குள், வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்னும் பெற்றோரின் உறுதிமொழியுடன், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதியவேண்டும். அதற்குப் பின் மத்திய அரசின் அனுமதி வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் 42 நாட்களுக்குள் குழந்தைக்கு உரிய தங்கும் அனுமதியும், அமீரகத்தில் 120 நாட்களுக்குள் விசாவும் பெற்றாகவேண்டும். இந்தியாவில் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்து, ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கும் வசதி உண்டு. இத்தகைய தாராளம் எல்லா நாடுகளிலும் இருப்பதில்லை. தாத்தா பஞ்சாங்கம் பார்த்து முதலெழுத்தைச் சொல்லும்வரை காத்திராமல், பெயரையும் தலைப்பெழுத்தை விரித்தெழுதும் முறையையும் முன்கூட்டியே முடிவு செய்வது பிற்காலத்தில் பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

இவ்வளவையும் சரியாகச் செய்த பின்னும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடர் எஞ்சியிருக்கிறது. பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு, அதாவது காரணம் புரியாத அழுகை, உறக்கமின்மை, பிள்ளையிடம் ஒட்டாமை ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கும் நோய், சுற்றமற்ற தனிமையில் வளரக்கூடியது. அதனைக் கண்டறிய 1987ஆம் ஆண்டு வெளியான எடின்பரோ அளவுகோல் என்னும் பத்துக் கேள்விகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, ஆய்வில் சரிபார்க்கப்பட்டுள்ளன. சிகிச்சையும் உண்டு, குணமும் உண்டு. வேதாரண்யத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து நாள்தோறும் கைப்பேசியில் பேரப்பிள்ளையின் முகம் பார்க்கும் பெரியோர்களிடம் வேண்டுவது இதுதான்: குழந்தையைக் காட்டச் சொல்வதற்கு முன், மகளிடம் இரவு தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள், அவள் சொல்லும் விடையில் ஐயம் எழுந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு மருமகனிடம் சொல்லுங்கள்.