இறங்கித் தள்ளிய சைக்கிள்

(சேலத்தில் நடந்த இளைஞர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலையில் சைக்கிள் ஓட்டுவது பற்றிப் பேசச் சொன்னீர்கள். சாதி ஒழிப்பு மேடையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் யோசிக்கலாம். சைக்கிளிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் முனைவர் பட்ட ஆய்வாளன். பல மாதம் நிலுவையிலிருந்த உதவித்தொகை ஒரே தவணையாக வந்தபோது ஒரு கிராவல் பைக் வாங்கினேன். பந்தய சைக்கிள் போல வளைந்த கைப்பிடி இருக்கும். ஆனால் டயர் அகலம், 40 மில்லிமீட்டர். தார் ரோட்டிலும் ஓடும், ஜல்லியிலும் செம்மண்ணிலும் ஓடும். வீட்டில் விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

அப்பா மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் குச்சிக்கிழங்கு மூட்டை தூக்கியவர் அவர். 1980களில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினார். எங்கள் வளவிலிருந்து ஆலைக்குப் போக ஊர்த் தெருவைக் கடக்க வேண்டும். தெருமுனையில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டி, கடைசி வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. இறங்காதவனுக்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். இன்று அந்தத் தெருவில் பைக்கில் போகிறார்கள் எங்கள் பிள்ளைகள். அப்பா மட்டும் இன்னமும் அந்த முனை வந்தால் இறங்கிவிடுகிறார். கேட்டால், "கால் தானா எறங்குதுடா" என்கிறார்.

ஆகவே எனக்கு சைக்கிள் என்பது உடற்பயிற்சி மட்டும் அல்ல. வைக்கத்தில் 1924இல் போராடியது கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடப்பதற்காக. பாதை யாருக்கு என்ற கேள்வி நம் இயக்கத்துக்குப் புதிதல்ல.

சில ஆண்டுகளுக்கு முன், அங்கே சாலைப் பணி தொடங்கும் முன்பு, வடுகம் அடிவாரத்திலிருந்து போதமலைக்கு இந்த வண்டியோடு ஏறினேன். கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று மலைக் கிராமங்கள் அங்கே. நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த படம் ஒன்று உண்டு: தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு ஊழியர்கள் நடந்து ஏறுவார்கள். செய்தித்தாளில் அது தேர்தல் நேரத்துச் சுவையான செய்தி. அங்கே இருப்பவர்களுக்கோ அரிசி மூட்டையும் அப்படித்தான் ஏறியது, நோயாளியும் பிரசவ வலி கண்ட பெண்ணும் தூளி கட்டித்தான் இறங்கினார்கள்.

கால்வாசி தூரம்கூட ஓட்டவில்லை. பாறைக்கல்லும் மழை அரித்த பள்ளமும். இறங்கித் தள்ளினேன். எதிரே விறகுச் சுமையோடு வந்த ஒரு ஆயா நின்று பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஓட்டறதுக்கு வாங்குன வண்டிய இப்படித் தள்ளிக்கிட்டு வர்ற?"

சிரித்துவிட்டேன். ஆயாவும் சிரித்தார். பிறகு கேட்டார்: "எந்த ஊரு? என்ன ஆளுங்க?"

ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் சாதி பற்றிக் கட்டுரை வாசித்தவன். அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. "சேலங்க ஆயா" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் அதே சொம்பில் கொடுத்திருப்பாரா? தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இல்லை.

இதை ஏன் சொல்கிறேன்? நம் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களை 'சாதி அறியாத காட்டு மக்கள்' என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். தங்களைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர்கள் என்று சொல்லும் மரபுக் கதையும், கவுண்டர் என்ற பட்டமும் அவர்களிடம் உண்டு. சாதி மலையேறியிருக்கிறது. ஆனால் ஒருவருக்குச் சாலை கிடைப்பதற்கு அவர் குற்றமற்றவராக இருக்க வேண்டியதில்லை. சாலை பரிசு அல்ல, உரிமை. அந்த ஆயாவின் கேள்வியோடு எனக்குச் சண்டை உண்டு. அவருடைய சாலைக்காகவும் நான் சண்டை போடுவேன். இரண்டும் ஒன்றாக இருக்க முடியும்.

திரும்பி வந்து படங்களைச் சைக்கிள் நண்பர்களுக்குக் காட்டினேன். "நல்லவேளை, இங்க இன்னும் ரோடு போடல" என்றார் ஒருவர். அந்த நொடியில் நானும் தலையாட்டினேன் தோழர்களே. எனக்கு அந்த மண் பாதை பிடித்திருந்தது. பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி மதியம் இறங்கிவிடும் நான் ரசிப்பதற்காக, அங்கேயே பிறந்தவர்கள் தூளியில் இறங்க வேண்டுமா?

சாலை வந்தால் காடு அழியாதா என்பது நியாயமான கேள்வி. ஏற்காட்டைப் பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் அங்கே காப்பி கொண்டுவந்தார், தோட்டங்கள் பெருகின. பின்னாளில் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரிகளில் இறக்கினார்கள். காப்பிக்கும் பாக்சைட்டுக்கும் வழிவிட்ட காடு, பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு மட்டும் வழிவிடக் கூடாதா?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு நெறி வகுத்திருக்கிறது. அதன் பிரிவு 3(2), பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலம் தரலாம் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு. நீண்ட மலைச்சாலைக்கு இந்த அளவு போதாது. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். போதமலையில் சாலைப் பணி மிகத் தாமதமாகத்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா வழங்குவதே 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றம்தான் அந்தத் தடையை நீக்கியது. காட்டைக் காப்பது யார் என்று முடிவு செய்வதில் மலைமக்களுக்கு இடம் கொடுக்காமலே எட்டு ஆண்டுகள் போயின.

அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இன்றைய தருமபுரியில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள், மற்ற 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்டுக்குக் காவல் என்று அனுப்பப்பட்டவர்கள் செய்தது இது.

காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது எனக்கும் குற்றம்தான். ஆனால் நான் வழி தவறிப் போனால் எச்சரித்து அனுப்பிவிடுவார்கள். விறகோடு வரும் ஆயாவிடம் அதே சட்டம் அதே குரலில் பேசுமா?

சைக்கிள்காரர்கள் சாலைக்காகப் போராடிய வரலாறும் உண்டு. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் நல்ல சாலை வேண்டும் என்று இயக்கம் நடத்தியதில் முன்னின்றது அங்கிருந்த சைக்கிள் ஓட்டுவோர் கழகம்தான். அதே கழகம் 1894இல் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி போட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1899இல், மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். சாலை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதில் யார் வரலாம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மலைக்கு வண்டி எடுக்கும் தோழர்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். முறையாக அனுமதி வாங்கிப் போங்கள், வழிகாட்டியாக அந்த ஊர்க்காரரையே அழைத்து நியாயமான கூலி கொடுங்கள். மனிதர்களே இல்லாத காடு போலப் படம் எடுத்துப் போடாதீர்கள், அங்கே ஊர் இருக்கிறது, அதற்குப் பெயர் இருக்கிறது. உங்கள் சைக்கிள் குழுவில் நம் வளவுகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, எனக்கு நானே சொல்லிக்கொள்வது. மறுபடி போதமலைக்குப் போவேன். அந்த ஆயா அதே கேள்வியைக் கேட்டால் இந்த முறை பதில் சொல்வேன். தண்ணீரும் கேட்பேன்.

ஜெய்பீம்.