சங்கப் பலகை



சங்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் புலவர் உள்ளம் மதுரைக்குச் செல்லும். பொற்றாமரைக் குளத்தில் மிதந்ததாகச் சொல்லப்படும் பலகையும், தகுதியுடையார்க்கு மட்டும் அது இடம் தந்த கதையும் நினைவில் எழும். அதே சொல்லைப் புதுச்சேரி ஆலைத் தெருக்களில் வாழ்ந்த ஒரு முதியவரிடம் சொல்லியிருந்தால் அவர் வேறொரு பலகையை எண்ணியிருப்பார். அது தகரத்தால் ஆனது. ஓர் ஒடுங்கிய அறையின் வாயிலில் ஆணியடித்து மாட்டப்பட்டது. முதற்பலகைக்குச் சான்று கதை. இரண்டாம் பலகைக்குச் சான்று இரத்தம். அதனைச் சட்டப்படி மாட்டும் உரிமை பிரஞ்சிந்திய மண்ணில் 1937ஆம் ஆண்டுக்கு முன் எவருக்கும் இருந்ததில்லை.

உலோகத்தில் எழுத்தைப் பதிக்கும் தொழிலுக்கும் செலியமேட்டைச் சூழ்ந்த இப்பகுதிக்கும் பழைய உறவுண்டு. அருகிலுள்ள பாகூரில் 1879இல் கிடைத்த செப்பேடுகள் அதற்குச் சான்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்டவை அவை. ஐந்து ஏடுகள், ஒரு வளையத்தில் கோக்கப்பட்டவை. வடமொழியிலும் தமிழிலும் அமைந்தவை. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்திற்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்னும் மூன்று ஊர்களின் வருவாயை விட்டுக்கொடுத்ததை அவை கூறுகின்றன. கல்விக்காக ஊர்களையே கொடுத்த செய்தியைப் பேசாத மேடை இவ்வட்டாரத்தில் இல்லை. ஆயினும் அச்செப்பேட்டின் கடைசிப் பகுதியை எடுத்துரைப்போர் மிகச் சிலரே. எழுத்தை வெட்டிய பொற்கொல்லர் தம் மரபையும் ஊரையும் அங்கே பொறித்திருக்கிறார். அவர் காஞ்சிபுரத்தவர், பெருந்தட்டான் என்னும் பட்டம் உடைய குடியினர். கொடுத்தவன் பெயர், பெற்றவர் பெயர் ஆகியவற்றோடு செய்தவன் பெயரும் செம்பில் இடம்பெற்றது. இது சிறிய செய்தியன்று.

அக்காலக் கைவினைஞர் தனித்தனியே நின்றவர் அல்லர். கொங்கு நாட்டுச் சோழர் கல்வெட்டுகளில் கம்மாளர்க்கு வழங்கப்பட்ட உரிமைகளைக் காண்கிறோம். நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். இவ்வுரிமைகளை ஆணையாகப் பெற வேண்டியிருந்தது என்றால், ஆணைக்கு முன் அவை மறுக்கப்பட்டிருந்தன என்பதே பொருள். கோயிலுக்குத் திருமேனி வார்த்தவனும் அரசனுக்குச் செப்பேடு வெட்டியவனும் தன் வீட்டுச் சுவரைப் பூசிக்கொள்ள இசைவு வேண்டி நின்றான். கூட்டமாகக் கேட்டதனாலேயே கிடைத்தது. எனினும் அதனைத் தொழிற்சங்கம் என்று அழைத்துவிடல் பொருந்தாது. குலத்தால் கூடியவர் அவர்கள். உழைப்பால் கூடியவர் பின்னர் வந்தவர்கள். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது இக்கால மேடைகளில் காணும் ஒரு குறை.

உழைப்பால் கூடும் உரிமையைப் பிரான்சு நாடு தன் மக்களுக்கு 1884 மார்ச்சு 21ஆம் நாள் வழங்கியது. வால்தெக் ருசோ சட்டம் என அது பெயர் பெற்றது. அல்ஜீரியாவுக்கும், மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன் ஆகிய தீவுகளுக்கும் அச்சட்டம் நீட்டிக்கப்பட்டது. புதுச்சேரிக்கு நீட்டிக்கப்படவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களையும் அரசுத் தாள்களில் அச்சிட்ட ஆட்சி, ஆலைக்குள் பஞ்சுத் தூசியை உண்டு உழைத்தவர்க்கு ஒன்றுகூடும் உரிமையை அரை நூற்றாண்டுக் காலம் தராமல் வைத்திருந்தது.

இதற்கிடையில் ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் காற்று வேறு திசையில் வீசிற்று. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரை வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் வேலைநிறுத்தத்திற்கு அழைத்து வெற்றியும் கண்டனர். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு, வாடியா ஆகியோருடன் திரு. வி. கலியாணசுந்தரனாரும் அதில் நின்றார். பக்கிங்காம் ஆலை முதலாளிகள் வாடியாவின் மீது வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றனர். தொழிலாளரைத் திரட்டுவதே குற்றமாகக் கருதப்பட்ட அந்நிலை எழுப்பிய கிளர்ச்சி, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் உருவாவதற்கு வழி வகுத்தது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாளைக் கொண்டாடியது 1923ஆம் ஆண்டில்.

கவிஞர் கூடியுள்ள அவையில் ஒன்றை நினைவுறுத்தல் தகும். தொல்காப்பிய உரையைப் பதிப்பித்த கையும் திருக்குறளுக்கு உரை எழுதிய கையும் கோரல் ஆலைத் தொழிலாளரின் கோரிக்கைகளையும் ஏந்திய கை. தேசபக்தன், நவசக்தி இதழ்களில் புதிய உரைநடையை வளர்த்தவரே பெரம்பூரில் ஆலைத் தொழிலாளர் நடுவே நின்று பேசினார். தமிழ் உரைநடை எளிமை பெற்றதற்குக் கல்லூரிகளைக் காட்டிலும் ஆலை வாயில்களே பெருங்காரணம் என்று கூறினாலும் மிகையாகாது. புலவர்கள் சினந்தாலும் சினக்கட்டும்.

பாகூர்க் கொம்யூனின் நிலவமைப்பை அறிந்தவர்க்கு இவ்வேறுபாட்டின் விந்தை நன்கு விளங்கும். பிரஞ்சு மண்ணும் ஆங்கிலேயர் மண்ணும் இங்குத் துண்டு துண்டாய்க் கலந்து கிடந்தன. தென்பெண்ணையைக் கடந்தால் கடலூர். ஆற்றின் தென்கரையில் ஏழு பேர் கையெழுத்திட்டால் 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். வடகரையில் எழுநூறு பேர் கூடினாலும் அது சங்கமாகாது, கும்பல்.

அக்கும்பலைச் சங்கமாக்க முனைந்தவருள் முதல்வர் வ. சுப்பையா. 1911இல் பிறந்தவர். 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்தபோது அரிசனத் தொண்டில் ஈடுபட்டிருந்த இளைஞர். அவ்வாண்டிலேயே ‘சுதந்திரம்’ என்னும் இதழைத் தொடங்கினார். அந்நாளில் புதுச்சேரியில் மூன்று பேராலைகள் இருந்தன. மக்கள் வழக்கில் அவை சவானா, ரோடியர், கெப்ளே. பிற்காலத்தில் முறையே சுதேசி, ஆங்கிலோ பிரஞ்சு, பாரதி என்னும் பெயர்களைப் பெற்றவை. நகர மக்களோடு சுற்றுப்புறச் சிற்றூர் மக்களும் அவற்றில் வேலை செய்தனர். விடியலுக்கு முன் புறப்பட்டு, இருட்டிய பின் வீடு திரும்பிய அவர்களுக்குத் தம் பிள்ளைகளின் முகத்தை வெயிலில் காணும் நாள் அரிது.

1935இல் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் கிட்டிய வெற்றி ஏனைய ஆலைகளையும் தட்டி எழுப்பியது. மறு ஆண்டு பிரான்சில் லெயோன் புளும் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி அமைந்தது. 1936 சூன் 7இல் மத்தினியோன் உடன்பாடு கையெழுத்தாயிற்று; அம்மாதத்திலேயே வாரத்திற்கு நாற்பது மணி வேலையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் பிரான்சுத் தொழிலாளர்க்குச் சட்டமாயின. பாரீசுச் செய்தி புதுச்சேரிக்கு வந்தபோது இங்குள்ளோர் கேட்டது நாற்பது மணியன்று. நாளுக்கு எட்டு மணியும் சங்கம் வைக்கும் உரிமையுமே.

சூலை 30ஆம் நாள் விடை கிடைத்தது. வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்மீது படையினர் சுட்டனர். பன்னிருவர் மாண்டனர். சொலோமியாக் அப்போது ஆளுநர். பாரீசில் தொழிலாளர் தோழமை அரசு. அதன் ஆளுகைக்கு உட்பட்ட புதுச்சேரியில் தொழிலாளர் மார்பில் குண்டு. இம்முரணை விளக்கப் பலர் முயன்றுள்ளனர். கடல் நடுவே நீண்டு கிடக்கும்போது தலைநகரின் நெஞ்சமும் குடியேற்றத்தின் கையும் தனித்தனியே இயங்கும் என்பதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

அக்டோபரில் சவகர்லால் நேரு புதுச்சேரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு சுப்பையா பிரான்சுக்குச் சென்று, ஆட்சியாளர் முன் வழக்கை எடுத்துரைத்தார். 1937 ஏப்ரல் 6ஆம் நாள் வெளியான ஆணை சங்க உரிமையையும் வேலைநேர வரம்பையும் பிரஞ்சிந்தியத் தொழிலாளர்க்கு அளித்தது. பன்னிருவர் உயிர்க்கும் ஆணைக்கும் இடையே கழிந்தவை எட்டுத் திங்கள்.

இதன்பின் நிகழ்ந்தவை எல்லாரும் அறிந்தவை. போர் வந்தது, பிரஞ்சு ஆட்சி தளர்ந்தது. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18இல் நூற்றெழுபத்தெட்டுப் பேர் வாக்களித்தனர். நூற்றெழுபது பேர் இந்தியாவுடன் இணைதலை ஏற்றனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிற்று. சட்ட வழியிலான மாற்றம் 1962 ஆகத்து 16இல் முற்றுப்பெற்றது.

ஆலைத் தொழிலாளர் வென்ற உரிமை சிறு தொழிலாளர்க்கு எவ்வாறு பயன்பட்டது என்பதே எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி. பெயர்ப்பலகை செய்வோரை எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரி வீதிகளின் நீலப் பலகைகளை அறியாதார் இலர். நீலத் தரையில் வெள்ளை எழுத்து. பிரஞ்சு ஒருபுறம், தமிழ் ஒருபுறம். பாரீசு நகரில் 1844 முதல் வழங்கி வரும் முறையின் சாயல் அது. எனாமல் பலகை செய்வது எளிய வேலையன்று. இரும்புத் தகட்டை வெட்டி விளிம்பை மடக்க வேண்டும். அமிலத்தில் இட்டுத் துருவும் எண்ணெயும் போகக் கழுவ வேண்டும். கண்ணாடித் தூளை நீரில் கரைத்துப் பூசிக் காயவைத்து, ஏறத்தாழ எண்ணூறு பாகை வெப்பத்தில் உலையில் சுட வேண்டும். எழுத்தின் நிறத்திற்கு மீண்டும் ஒரு பூச்சு, மீண்டும் ஒரு சூடு. பித்தளைப் பலகை என்றால் உளியும் அமிலமும். பிரஞ்சு எழுத்தின் நேர்க்கோடு உளிக்கு இணங்கும். ஞகரமும் ணகரமும் இணங்கா. உளியின் நுனி சுழியில் வழுக்கினால் தகடு வீண். தகட்டின் விலை கூலியில் பிடித்தம். துய்மா என்று ஒரு பிரஞ்சுப் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டிய அறிஞர்க்குப் பாராட்டுண்டு. அதைத் தகட்டில் ஏற்றியவனை எவரும் கேட்டதில்லை. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது துதிக்கை வடிவ லைகாரம் மறைந்தது. புலவர் கட்டுரை எழுதினர். பலகைக்காரர் தம் அச்சுத் தகடுகளை வெட்டித் திருத்தினர்.

அமிலப் புகை, உலை வெப்பம், ஈயம் கலந்த வண்ணம் ஆகியவற்றோடு வாழும் இத்தொழிலாளர்க்குச் சங்கம் ஆலைத் தொழிலாளர்க்குத் தேவைப்பட்டதைக் காட்டிலும் குறைவாகத் தேவைப்பட்டதா? இல்லை. ஆனால் கட்டுவது கடினம். ஆலையில் முதலாளி மதிலுக்கு அப்பால் இருந்தான். அவனை எதிர்த்து முழங்கலாம். பட்டறையிலோ மூவரோ நால்வரோ. பட்டறைக்காரர் மாமன் முறையாக இருப்பார். அல்லது உளி பிடிக்கக் கற்றுத் தந்த ஆசானாக இருப்பார். ஒரே பானைச் சோற்றை உண்டுகொண்டு அவரிடம் கூலி உயர்வு கேட்பதெப்படி? அவர் பிழைப்பும் கடைக்காரர் தரும் கடன் சீட்டில் தொங்குகிறது. எவரை எதிர்த்து வேலையை நிறுத்துவது? இவ்வினாவுக்கு 1936இன் வீரவரலாற்றில் விடை இல்லை. சிறு தொழில்களில் தோன்றும் சங்கங்கள் பெரும்பாலும் வேலைநிறுத்தத்தைவிட விலைப்பட்டியலை நம்பி நிற்பதன் காரணம் இதுவே. ஓர் அடி எழுத்துக்கு இன்ன கூலி, அதற்குக் குறைத்து எவரும் வேலை எடுப்பதில்லை என்னும் ஒப்பந்தமே அவற்றின் உயிர். ஒருவர் இருட்டில் குறைத்து எடுத்தால் சங்கம் கலையும். ஏழு பேர் போதும் என்ற சட்டம் இத்தகையோர்க்கே பெருந்துணையாக அமைந்தது. 2001இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, பத்தில் ஒரு பங்கினரோ நூறு பேரோ உறுப்பினராதல் வேண்டும் என்னும் வரையறை சேர்ந்தபோது இடர்ப்பட்டவரும் இவர்களே.

அதே காலத்தில் கணினி அச்சு வந்தது. தகரமும் தூரிகையும் கேட்ட வேலையை நெகிழித் துணி ஒரு மணி நேரத்தில் முடித்தது. பலகைத் தொழிலாளர் பலர் கதவு, சன்னல் கம்பி வேலைக்கும் வண்டிப் பட்டறைக்கும் சென்றனர். எதிர்த்துப் போராட எதிரில் ஆளே இல்லாத தோல்வி அது. பேராலைகளின் முடிவும் அதிக வேறுபாடுடையதன்று. பன்னிருவர் நினைவை ஆண்டுதோறும் சூலை 30இல் போற்றிவந்த தொழிலாளர், தம் ஆலைகளே ஒவ்வொன்றாய் ஓய்வதையும் கண்டனர். 2011 திசம்பரில் வீசிய தானே புயல் ஆங்கிலோ பிரஞ்சு ஆலையைப் பெரிதும் சிதைத்தது. 2020 ஏப்ரல் 30இல் அவ்வாலை மூடப்பட்டது.

சுப்பையா 1993இல் மறைந்தார். தெற்குப் புல்வார் என வழங்கிய பெருவீதி அவர் பெயரைத் தாங்கிச் சுப்பையா சாலை ஆயிற்று. புகைவண்டி நிலையம் அச்சாலையில்தான் உள்ளது. மே நாளைப் பாடிய கவிஞர் தமிழ்ஒளியை இவ்வட்டம் மறவாது. ஆயின் மாண்ட பன்னிருவரின் பெயரையும் ஊரையும் வரிசையாகச் சொல்லவல்ல கவிஞர் இவ்வவையில் எத்தனை பேர்?

பாகூர், வில்லியனூர்ப் பகுதி வீடுகளின் பரண்களில் சங்கச் சந்தாச் சீட்டுகளும் துண்டறிக்கைகளும் ஆலை அடையாளத் தகடுகளும் இன்னும் இருக்கக்கூடும். பழைய இரும்புக்காரரின் தராசுக்கு முன்னே இவ்வட்டத்தார் அவ்வீடுகளுக்குச் செல்லுதல் வேண்டும். துண்டறிக்கையின் தமிழைப் பிழை திருத்தாமல் படியெடுத்தல் வேண்டும். பிழையிலும் பேச்சு வழக்கிலும் எழுதியவன் குரல் இருக்கிறது. தகடு கிடைத்தால் அதை வெட்டியவர் யாரென்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு, அப்பெயரையும் உடன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.