நீருள் மறைந்து வானில் விழிக்கும் கண்

 

நீர்மூழ்கிக் கப்பலின் வலிமை மறைவு; அதன் குறையும் அம்மறைவே. ஆழத்திற் கிடக்குங்கால் அது செவியாற் கேட்குமேயன்றிக் கண்ணாற் காணாது. நோக்குக்குழாயை நீர்மட்டத்திற்கு 1 மீட்டர் மேலே நீட்டினாலும் அடிவானம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடும். அதே கண்ணை 100 மீட்டர் உயர்த்தின் 35 கிலோமீட்டர் வரை கடல் தெரியும். உலகம் உருண்டையாயிருப்பதன் விளைவு இது.

இவ்வுயரத்தை நாடிப் பிரித்தானியர் 'எம் 2' என்னும் நீர்மூழ்கியின் மேல் காப்பறை அமைத்துச் சிறு வானூர்தியொன்றை வைத்தனர். அதனைப் பறக்கவிடக் கப்பல் நீர்மேல் எழவேண்டும், கதவு திறக்கவேண்டும். 1932 சனவரி 26இல் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் அக்கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்த 60 பேரும் மாண்டனர். கடலடியில் அதனைக் கண்டபொழுது காப்பறைக் கதவு திறந்து கிடந்தது.

2013 திசம்பரில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் வெளியிட்ட செய்தியை இதனோடு ஒப்பிடுங்கள். 'பிராவிடன்சு' என்னும் நீர்மூழ்கி, நீருள் இருந்தபடியே, நீர்க்கணை ஏவும் குழாய் வழியே ஓர் உறையை வெளியேற்றியது. அவ்வுறை மேலெழுந்து நிமிர்ந்து மிதந்தது. கட்டளை பிறந்ததும் அதனுள்ளிருந்து மடக்குச் சிறகுடைய ஆளில்லா வானூர்தி செங்குத்தாக எழுந்தது. நீர்வளியிலிருந்து மின்னாற்றல் ஆக்கும் கலத்தின் துணையால் பல மணி நேரம் பறந்து, கண்டவற்றை நிகழ்படமாகக் கப்பலுக்கும் நார்போக்கு நகருக்கும் அனுப்பிப் பகாமாத் தீவுகளில் தரையிறங்கிற்று.

மறைவு முற்றும் நிறைவுற்றதென்று கொள்ளவேண்டா. நிகழ்படத்தைச் சுமக்கும் வானொலியலை கடல்நீரை ஊடுருவாது. அதனைப் பெறக் கப்பல் ஓர் அலைவாங்கியையேனும் நீர்மேல் நீட்டியாக வேண்டும். ஊர்தி விடுக்கும் அலையைப் பிறரும் உணரக்கூடும். ஆயினும் 60 உயிர்களைப் பணயம் வைத்துக் கண்ட காட்சியை இன்று ஓர் உயிரும் ஊர்தியில் ஏறாமலே காணலாம். இது பேரறிவின் வெற்றியே, ஐயமில்லை.

ஆனால் நண்பர்களே, பார்ப்பவனுக்கு இழப்பு அருகும்பொழுது இடர் பார்க்கப்படுபவன் பக்கம் சாய்கின்றது. மேலிருந்து நோக்கும் கருவி படகைக் காட்டும். அதிலிருப்பவன் வலைஞனா பகைவனா என்பதை அதுவே தீர்த்துரைக்காது. ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராயச் சொன்னார் வள்ளுவர். மாந்த ஒற்றனுக்கே அத்துணைக் காப்பு வேண்டுமெனின், நெஞ்சமற்ற இக்கண்ணுக்கு எத்துணைக் காப்பு வேண்டும்! கருவி கூர்மையுறுக, அதனினும் கூர்மையுறுக, கண்டதை ஆராயும் அறம்.