கடைக்கு இடம், தொழிலாளிக்கு?

(சயானில் நடைபெற்ற கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



தாராவி மறுசீரமைப்பு என்றதும் நாம் வீட்டைப் பற்றியே பேசுகிறோம். 350 சதுர அடியா, 500 சதுர அடியா என்ற கேள்வி முக்கியமானதுதான். ஆனால் தாராவி வெறும் குடியிருப்பு அல்ல; உற்பத்தித் தலம், சந்தை. ஆகவே இன்று கடைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் இத்திட்டத்தைப் பெற்றது. இதற்கென அமைக்கப்பட்ட நிறுவனத்தில் அதானியின் பங்கு 80 விழுக்காடு. மாநில அரசின் பங்கு 20 விழுக்காடு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இயங்கிவரும், தகுதியுள்ள கடைகளுக்கு 225 சதுர அடி வரை இலவசம் என்கிறார்கள். அதாவது பதினைந்தடிக்குப் பதினைந்தடி. அதற்கு மேல் வேண்டுமெனில் பணம் கட்ட வேண்டும்.

சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் வரிசையாக நிற்கும் தோல் பொருள் கடைகளை நீங்கள் அறிவீர்கள். முன்னால் கண்ணாடிக்குள் பைகளும் மேலங்கிகளும் தொங்கும். இப்பகுதிக் கடைகள் பலவற்றில் பின்னறையிலோ, இரும்பு ஏணி வைத்து ஏறும் பரணிலோ தோல் வெட்டுவார்கள், தைப்பார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் இரவில் இயந்திரங்களை ஒதுக்கிவிட்டு அங்கேயே படுத்துறங்குவார்கள். ஒரே கூரையின் கீழ் கடை, பட்டறை, கிடங்கு, தங்குமிடம் ஆகிய நான்கும் அடங்கியுள்ளன. மறுசீரமைப்புக் கணக்கிலோ அது உரிமையாளரின் பெயரிலுள்ள ஒரு வணிக இடம், அவ்வளவே. பரணில் உறங்குபவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

புதிய கடை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மழைக்காலத்தில் சாக்கடை நீர் புகாத தரையும், முறையான மின்கம்பியும், தீ பிடித்தால் வெளியேற வழியும் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் பதினைந்தடிச் சதுரத்தில் காட்சி அலமாரிகளை வைத்தபின் தையல் இயந்திரத்தை எங்கே வைப்பது? உற்பத்தி வெளியே போகும். அதனுடன் வேலையும் போகும்.

இது கற்பனை அச்சமன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்தது தோல் பதனிடும் தொழிலுக்காக. 1970-களின் தொடக்கத்தில் பாந்த்ராவின் இறைச்சிக்கூடம் தேவ்னாருக்கு மாற்றப்பட்ட பின் தாராவியின் பதனிடும் கூடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. விற்பனைக் கடைகள் தப்பின. பதனிட்ட கைகளுக்கு எந்தத் திட்டத்திலும் மாற்றிடம் எழுதப்படவில்லை.

சிறு கடைக்காரர்கள் நம் எதிரிகள் அல்லர். 2000-ஆம் ஆண்டு வரம்பு அவர்களில் பலரையும் தெருவில் நிறுத்தும். அவர்களுடைய கோரிக்கையோடு, அவர்களிடம் வேலை செய்வோரின் கோரிக்கையையும் ஒரே மனுவில் வைக்க வேண்டும்: கடைக்கு அருகிலேயே பட்டறை இடம், தொழிலாளருக்குத் தாராவிக்குள்ளேயே வாடகைத் தங்குமிடம். உரிமையாளர் சிலர் தயங்குவார்கள். வேலையாட்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் கூலியும் வேலை நேரமும் கேள்விக்கு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தத் தயக்கத்தோடும் பேசித்தான் ஆக வேண்டும்.

முதல் வேலை, ஒவ்வொரு கடையிலும் எத்தனை பேர் உழைக்கிறார்கள், எத்தனை பேர் அங்கேயே தங்குகிறார்கள் என்று சந்து சந்தாகச் சென்று நாமே எழுதுவது. இரவு பத்து மணிக்குப் பிறகு செல்லுங்கள். அப்போதுதான் பரணில் ஆட்கள் இருப்பார்கள்.